உண்டு என்பதும் இயங்கும் என்பதும்: மருத்துவமனை மாற்று மின்சாரத்தின் வரலாறு

தமிழ் இலக்கண மரபில் ‘உண்டு’ என்பது குறிப்பு வினைமுற்று. ‘வந்தது’, ‘வருகிறது’, ‘வரும்’ என்னும் தெரிநிலை வினைகள் காலத்தை வெளிப்படையாகக் காட்டும். ‘உண்டு’ அவ்வாறு காட்டுவதில்லை. பழைய வழக்கில் அஃறிணை ஒருமைக்கு உரியதாக இருந்த இச்சொல், பின்னர் எல்லாத் திணைக்கும் பாலுக்கும் பொதுவாயிற்று. காலம் மட்டும் அதில் ஏறவேயில்லை. ‘இந்த மருத்துவமனையில் ஜெனரேட்டர் உண்டு’ என்று ஒருவர் சொல்லும்போது அது நேற்று ஓடியதா, இன்று ஓடுமா, நள்ளிரவில் மின்சாரம் போன பத்தாவது நொடியில் ஓடுமா என்பன எதையும் அந்த வாக்கியம் சொல்லவில்லை. மலாய்மொழிப் படிவங்களில் நாம் வழக்கமாகக் காணும் ‘அடா’, ‘தியாடா’ என்னும் இரு கட்டங்களும் இத்தகையனவே. அவையும் காலம் காட்டா.

மொழிக்கெனக் கூடும் அவையில் மின்னாக்கியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் மருத்துவமனைகளின் மாற்று மின்சாரம் தவறிய நிகழ்ச்சிகளை அடுக்கிப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை இயந்திரம் ‘இல்லாத’ இடங்களில் நிகழவில்லை. இயந்திரம் இருந்தது, ஏட்டிலும் இருந்தது. உரிய நொடியில் இயங்கவில்லை, அல்லது இயங்கியும் அதன் மின்சாரம் நோயாளியின் கட்டிலை அடையவில்லை. ‘உண்டு’ என்பதற்கும் ‘இயங்கும்’ என்பதற்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியே நம் பொருள்.

இந்நாட்டில் மின்சாரத்தின் தொடக்கத்தில் ஒரு தமிழர் பெயர் இருக்கிறது. 1894ஆம் ஆண்டு ரவாங்கில் இருந்த ஈயச் சுரங்கத்தில் லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் மின்னாக்கி ஒன்றை நிறுவினர். மலாயாவில் மின்சாரம் பயன்படுத்தப்பட்ட முதல் நிகழ்வாக வரலாற்று நூல்கள் இதனையே குறிக்கின்றன. அடுத்த ஆண்டு கோலாலம்பூர் இரயில் நிலையத்தில் மின்விளக்கு எரிந்தது. பங்சார் மின்நிலையம் 1927இல் வந்தது. மத்திய மின்சார வாரியம் 1949இல் அமைந்தது. 1953இல் கிள்ளானில் கோனாட் பிரிட்ஜ் மின்நிலையம் திறக்கப்பட்டது. அவ்வாரியம் 1965இல் தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாறி, 1990இல் தெனாகா நேஷனல் நிறுவனமாயிற்று. ரவாங்கின் அந்த முதல் இயந்திரம் தன் சுரங்கத்துக்காகவே ஓடியது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஊருக்கெல்லாம் பொதுவான மின்தொகுப்பு உருவாவதற்கு முன்னால் எல்லா மின்சாரமும் இன்று நாம் ‘மாற்று’ என்று சொல்லும் வகையைச் சேர்ந்ததாகவே இருந்தது.

செமினி வட்டாரத்தின் முதியோர் நினைவில் அந்தக் காலம் இன்னும் இருக்கிறது. இன்று குடியிருப்புப் பூங்காக்கள் நிறைந்துள்ள இப்பகுதி, ஒரு தலைமுறைக்கு முன் ரப்பர்த் தோட்டங்களால் சூழப்பட்டிருந்தது. அக்காலத்தில் மலாயாவின் பல தோட்டங்களில் ‘லைட்டு இஞ்சின்’ மாலையில் ஓடத் தொடங்கி, இரவு குறித்த மணிக்கு நிறுத்தப்படும். துரையின் வீட்டுக்கும் ஆலைக்கும் முதலில், லயங்களுக்குப் பிறகு என்பதே வரிசை. தோட்ட மருத்துவமனையில் டிரெசர் மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்துத் திரி நறுக்கி வைத்திருப்பார். அவரைப் பொறுத்தவரை இருள் என்பது எதிர்பாராத விபத்தன்று, நாள்தோறும் வருவது. ஆகவே விளக்கும் நாள்தோறும் சோதிக்கப்பட்டது. நம்பத்தக்க மின்தொகுப்பு வந்த பிறகுதான் மாற்று ஏற்பாட்டைத் தொடாமல் விட்டுவைக்கும் பழக்கம் ஏற்பட்டது என்பது நம் கருத்து. மின்சாரம் அரிதாகவே போகும் நாட்டில்தான் அது போகும் நாள் பேராபத்தாகிறது.

அதுமட்டுமன்று. 1950க்கு முன் மின்சாரம் போனால் மருத்துவமனையில் விளக்கு அணையும். அறுவைக் கூடத்தில் இடர் நேரும். வார்டில் படுத்திருப்போர் உயிர் பெரும்பாலும் அதனால் போகாது. இந்நிலையை மாற்றிய ஊர் கோபன்ஹேகன். 1952இல் அங்கே இளம்பிள்ளைவாதம் பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் திரள் திரளாக வந்தனர். மூச்சியந்திரங்கள் போதவில்லை. பியோர்ன் இப்சென் என்னும் மயக்கமருந்து மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டும் முறையைக் கொண்டுவந்தார். மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முறைவைத்து அமர்ந்து, இரவும் பகலும் பைகளை அழுத்தினர். இன்றைய தீவிரச் சிகிச்சைப் பிரிவின் பிறப்பை அந்த வார்டில்தான் மருத்துவ வரலாற்றாளர் காண்கின்றனர். பிறகு மாணவர்களின் கையிருந்த இடத்தில் இயந்திரம் வந்து அமர்ந்தது. அன்று முதல் மூச்சு, மின்கம்பியின் முனையில் தொங்குவதாயிற்று.

அந்தக் கம்பி அறுபடும்போது நடக்க வேண்டியது என்ன? மின்தொகுப்பில் அழுத்தம் வீழ்ந்ததை ஓர் உணர்கருவி அறிய வேண்டும். அது தரும் கட்டளையால் பேட்டரி, இஞ்சினைச் சுழற்றித் தொடங்க வேண்டும். இஞ்சின் உரிய வேகத்தை எட்டியதும் தானியங்கு மாற்றுவிசை, மருத்துவமனையின் இன்றியமையா இணைப்புகளை மின்தொகுப்பிலிருந்து கழற்றி மின்னாக்கியோடு பிணைக்க வேண்டும். இவை யாவும் 10 நொடிக்குள் முடிய வேண்டும் என்கிறது அமெரிக்க நெறி. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் நெறி, அறுவை மேசைமேல் உள்ள விளக்குக்கு அரை நொடியும், பிற இன்றியமையாக் கருவிகளுக்கு 15 நொடியும் தருகிறது. அரை நொடியில் எந்த டீசல் இஞ்சினும் எழுந்து நிற்காது. அந்த இடைவெளியை நிரப்பவே யூபிஎஸ் எனப்படும் பேட்டரி அமைப்பும், மூச்சியந்திரத்தின் உள்ளேயே இருக்கும் பேட்டரியும் உள்ளன. பல மருத்துவமனைகளில் சுவரில் சிவப்பு நிறச் செருகுவாய்களைக் காணலாம். மாற்று மின்சாரம் வந்து சேரும் இடங்கள் அவை. மூச்சியந்திரத்தைப் பக்கத்திலுள்ள வெள்ளைச் செருகுவாயில் மாட்டிவிட்டால், கீழே எத்துணைப் பெரிய இயந்திரம் முழங்கினாலும் அதனால் பயனில்லை.

இச்சங்கிலியில் மின்னாக்கி ஒரு கண்ணி. பேட்டரி, எண்ணெய், எண்ணெயை மேலேற்றும் பம்பு, மாற்றுவிசை, கம்பி, செருகுவாய், இவற்றை அறிந்த ஆள் என்பன மற்றக் கண்ணிகள். ‘ஜெனரேட்டர் உண்டா?’ என்ற வினா ஒரு கண்ணியை மட்டுமே தொடுகிறது.

உலக அனுபவம் இதனைக் கொடிய முறையில் கற்பித்தது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலையடுத்து நியூ ஆர்லியன்ஸ் நகரில் வெள்ளம் புகுந்தபோது, மெமோரியல் மருத்துவமனையில் மின்னாக்கிகள் ஓடின; ஆனால் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பகுதிகள் தாழ்வான இடத்தில் இருந்தன. மாற்று மின்சாரமும் நின்றது. பின்னர் அக்கட்டடத்திலிருந்து 45 உடல்கள் எடுக்கப்பட்டன. ஏழாண்டு கழித்து, 2012 அக்டோபரில் சாண்டிப் புயல் நியூயார்க்கைத் தாக்கியது. பெல்வியூ மருத்துவமனையினர் மின்னாக்கிகளை 13ஆம் மாடியில் வைத்திருந்தனர். வெள்ளம் அவ்வளவு உயரம் வராது என்பது சரியான கணிப்பே. எண்ணெய் ஏற்றும் பம்புகள் நிலத்தடியில் இருந்தன, அவை மூழ்கின. ஊழியர்கள் மாடிப்படிகளில் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி எண்ணெயை 13 மாடி ஏற்றினர். அண்டையிலுள்ள மற்றொரு பெரிய மருத்துவமனையிலிருந்து 300க்கும் மேற்பட்ட நோயாளிகளை அன்றிரவே வெளியேற்ற நேர்ந்தது. அவர்களுள் குறைமாதக் குழந்தைகளும் இருந்தனர். இருண்ட படிக்கட்டில் செவிலியர் அக்குழந்தைகளை மார்போடு அணைத்து, சிறு பையைக் கையால் அழுத்தி மூச்சூட்டியபடி இறங்கினர். கோபன்ஹேகன் மாணவர்களின் கை அறுபது ஆண்டுக்குப் பின் திரும்பி வந்தது.

தமிழ்நாட்டிலும் இவ்வரலாறு உண்டு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது, சென்னை மணப்பாக்கத்தில் உள்ள மியாட் மருத்துவமனையில் வெள்ளம் புகுந்து மின்னாக்கிகள் செயலிழந்தன. அங்கே 18 நோயாளிகள் இறந்ததாக மாநில அரசு தெரிவித்தது. அவர்கள் முன்னரே மிகக் கவலைக்கிடமான நிலையில் இருந்தவர்கள் என்று மருத்துவமனை கூறியது. 2019 மே 7ஆம் நாள் மாலை, மழையும் காற்றும் அடித்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மின்சாரம் நின்றது. மூச்சியந்திரத்தில் இருந்த ஐவர் அம்மாலையில் இறந்தனர். மாற்று மின்சாரம் வராததே காரணம் என்றனர் உறவினர். கருவிகளின் பேட்டரிகள் வேலை செய்தன, நோயின் கடுமையே காரணம் என்றது மருத்துவமனை நிர்வாகம். வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றது.

இவ்விரு வழக்குகளிலும் யார் சொல்வது மெய் என்று தீர்ப்புரைப்பது நம் வேலையன்று. ஆனால் இரு தரப்பாரும் பேசும் மொழி நம் ஆய்வுக்குரியது. ஒரு பக்கம் ‘மின்சாரம் போனது, மூச்சு நின்றது’ என்று காலங்காட்டும் வினைகளாக வருகிறது. மறுபக்கம் ‘பேட்டரி வசதி உண்டு, மின்னாக்கி உண்டு’ என்ற வடிவில் மறுமொழி வருகிறது. எந்த நிமிடத்தில் மின்சாரம் நின்றது, எந்த நிமிடத்தில் இயந்திரம் தொடங்கியது, இடையில் எந்தக் கட்டிலில் எந்தக் கருவி எவ்வளவு நேரம் பேட்டரியில் ஓடியது என்னும் நிமிடக் குறிப்பு இருந்தால் இந்த வழக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அக்குறிப்பு இல்லாத இடத்தில் துயரமும் மறுப்பும் எதிரெதிரே நின்று கொண்டிருக்கும்.

எண்ணெய் என்னும் கண்ணிக்குச் சான்று வேண்டுமாயின் யாழ்ப்பாணத்தைப் பார்க்கலாம். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு தேசிய மின்தொகுப்பிலிருந்து நெடுங்காலம் துண்டிக்கப்பட்டிருந்தது. எரிபொருள் வருவதற்கும் தடை இருந்தது. யாழ்ப்பாண மருத்துவமனை செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்பு வலயத்துள் வைக்கப்பட்டிருந்தது. அங்கே மாற்று மின்சாரமே ஒரே மின்சாரம். எண்ணெயின் ஒவ்வொரு பீப்பாயும் எத்தனை மணி நேர அறுவைக்குப் போதும் என்று கணக்கிட்டு வாழ்ந்த மருத்துவர்களின் பட்டறிவை எந்தக் கையேடும் இன்னும் எழுதவில்லை என்றே நாம் கருதுகிறோம். தமிழில் எழுதப்பட வேண்டிய நூல் அது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1992 செப்டம்பர் 29ஆம் நாள் மின்னல் தாக்கி மின்தொகுப்பு வீழ்ந்தது. சில இடங்களில் மின்சாரம் திரும்ப இரண்டு நாள் வரை ஆயிற்று. 1996 ஆகஸ்ட் 3ஆம் நாள் மாலை, திரங்கானுவின் பாக்கா மின்நிலையத்தருகே மின்பாதை துண்டிக்கப்பட, தீபகற்பமே இருண்டது. 2005 சனவரி 13ஆம் நாள் கிள்ளான் துறைமுகப் பகுதி மின்நிலையத்தின் பாதையில் ஏற்பட்ட கோளாறால் சிலாங்கூரும் கோலாலம்பூரும் பாதிப்புற்றன. 2014 டிசம்பரில் கிளந்தான் வெள்ளம் கோலக்கிராய் மருத்துவமனையைச் சூழ்ந்தது. மின்சாரமற்ற நிலையில் கடுநோயாளிகளை ஹெலிகாப்டரில் கொண்டுசெல்ல நேர்ந்தது. மின்னல், மின்பாதை, மின்நிலையம், வெள்ளம் என ஒவ்வொரு முறையும் காரணம் வேறு. அடுத்த காரணம் எதுவாக இருக்கும் என்று முன்னரே அறிய வழியில்லை.

சட்டங்களுக்குக் குறைவில்லை. 1990ஆம் ஆண்டு மின்வழங்கல் சட்டமும் 1994ஆம் ஆண்டு மின்சார விதிகளும் மின்னமைப்புகளைத் தகுதிச் சான்று பெற்றோர் பொறுப்பில் வைக்கின்றன. ‘சார்ஜ்மேன்’, ‘வயர்மேன்’ என்று நம் மக்கள் வாயில் வழங்கும் அத்தகுதிப் பெயர்கள் மின்வாரியத்திலும் இரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் வேலை செய்த பல தமிழ்க் குடும்பங்களுக்கு மதிப்புக்குரிய பட்டங்களாக இருந்தன. 1997 முதல் அரசு மருத்துவமனைகளின் பொறியியல் பராமரிப்பு, துணிவெளுப்பு, கழிவகற்றல் முதலிய ஐந்து பணிகள் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. தனியார் மருத்துவமனைகளுக்கென 1998இல் தனிச் சட்டம் வந்தது. இயந்திரத்தின் உரிமை ஒருவரிடம், பராமரிப்பு இன்னொருவரிடம், நோயாளி மூன்றாமவரிடம் என்று பொறுப்பு பகிரப்பட்ட நிலையில், ‘உண்டு’ என்ற சொல்லின் பொருள் மேலும் மெலிந்துபோகிறது. ஒப்பந்ததாரர் ஏட்டில் ‘சோதிக்கப்பட்டது’ என்று எழுதுகிறார். தமிழில் இது செயப்பாட்டு வினை, செய்தவர் பெயர் வேண்டாத வினை.

2016 அக்டோபர் 25ஆம் நாள் ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் தீப்பற்றி ஆறு நோயாளிகள் இறந்தனர். அது மாற்று மின்சாரம் தவறிய நிகழ்வன்று. எனினும் ஏட்டுக்கும் நடப்புக்கும் உள்ள தொலைவை அளந்து காட்டிய நிகழ்வு என்பதால் இங்கே குறிப்பிடுகிறோம். முன்னாள் நீதிபதி முகமட் ஹிஷாமுடின் யூனுஸ் தலைமையிலான தனிக்குழு அதனை விசாரித்தது. அதன் அறிக்கை சில காலம் கமுக்க ஆவணமாக இருந்து, பின்னரே மக்கள் பார்வைக்கு வந்தது. விசாரணை அறிக்கை பூட்டப்பட்டிருக்கும் காலத்தில் மற்ற மருத்துவமனைகள் எதனைக் கற்கும் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

சோதனை என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. மின்னாக்கியைச் சுமையில்லாமல் சிறிது நேரம் ஓட்டி நிறுத்துவதும் சோதனைதான். ஓசை வரும், புகை வரும், ஏட்டில் கையொப்பம் விழும். ஆனால் சுமையின்றி அடிக்கடி ஓடும் டீசல் இஞ்சினில் எரியாத எண்ணெய் படிந்து, உண்மைச் சுமை வரும் நாளில் அது திணறும். ஆகவேதான் அமெரிக்க நெறி, மாதம் ஒருமுறை, குறைந்தது 30 நிமிடம், அதன் ஆற்றலில் குறைந்தது 30 விழுக்காட்டுச் சுமையோடு ஓட்டச் சொல்கிறது. நெடுநாள் தேங்கிய டீசலில் நீர் சேரும்; நுண்ணுயிர் வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். நம் ஈரப்பதமான தட்பவெப்பத்தில் இது எளிதில் நேரும். இஞ்சின் தொடங்காமைக்குப் பொறியாளர் முதலில் ஐயுறுவது அந்தப் பெரிய இஞ்சினையன்று. அதைத் தொடங்கி வைக்கும் சிறு பேட்டரியை.

பெயர்களைப் பற்றிச் சிறிது சொல்லாமல் நகர இயலவில்லை. இலங்கைத் தமிழர் இந்த இயந்திரத்தை ‘மின்பிறப்பாக்கி’ என்பர்; மலாயில் ‘ஜானாகுவாசா’. மலாய் ‘ஜானா’ சமஸ்கிருதத்தின் ‘ஜன’ என்னும் பிறப்புச் சொல். நம் ‘ஜனனம்’ அதுவே. ஆங்கிலத்தின் ‘ஜெனரேட்டர்’ இலத்தீன் வழி அதே தொல்வேரில் கிளைத்தது. ஆக, மூன்று மொழிகளிலும் இவ்வியந்திரம் ஒன்றைப் பிறப்பிக்கிறது. தமிழ்நாட்டின் ‘மின்னாக்கி’ மட்டும் சிக்கனமாக ‘ஆக்குவது’ என்று நின்றுவிட்டது. ஆனால் ‘பேக்கப்’ என்பதற்கு நாம் இட்ட ‘மாற்று’, ‘காப்பு’, ‘அவசர’ என்னும் அடைகளில் எதுவும் நிறைவளிக்கவில்லை. ‘மாற்று’ என்றால் ஒன்று போனபின் வருவது. ‘அவசரம்’ என்றால் பதற்றம். நம் மலேசியத் தமிழில் ‘காத்திருப்பு மின்சாரம்’ என்று வழங்கினால், அது எப்போதும் விழித்திருக்க வேண்டிய பொருள் என்பது பெயரிலேயே விளங்கும். துணைமின் நிலைய வேலிகளில் நான்கு மொழிகளுள் ஒன்றாக ‘அபாயம்’ என்று எழுதிய அறிவிப்பைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். அபாயத்தைத் தமிழில் சொன்ன வாரியத்தின் வழியில், ஆயத்தத்தையும் தமிழில் சொல்லலாம்.

கடைசியாக, பெரிய மருத்துவமனைகளைவிடச் செமினிக்கு நெருக்கமான ஓரிடம். கடுநோய்க்கு இவ்வட்டார மக்கள் காஜாங்குக்குச் செல்கின்றனர். ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், கடைவீட்டுக் கட்டடங்களில் இயங்கும் இரத்தச் சுத்திகரிப்பு நிலையங்களில் படுத்திருக்கின்றனர். நீரிழிவு மிகுந்த நம் சமூகத்தில் அத்தகைய ஒருவரேனும் இல்லாத உறவுவட்டம் அரிது. அவ்வேளையில் நோயாளியின் இரத்தத்தில் ஒரு பகுதி உடலுக்கு வெளியே, குழாயிலும் வடிகட்டியிலும் சுழன்றுகொண்டிருக்கிறது. மின்சாரம் நின்றால் இயந்திரத்தின் பேட்டரி இரத்தப் பம்பைச் சில நிமிடங்கள் ஓட்டும். அதுவும் தவறினால் குழாயில் இரத்தம் உறைந்துபோகும் முன் அதனை உடலுக்குத் திருப்பியாக வேண்டும். அதற்கென்று பம்பில் பொருத்திக் கையால் சுழற்றும் ஒரு சிறு பிடி இயந்திரத்துடன் வருகிறது. செவிலியர் அம்புக்குறியின் திசையில் அதை மெதுவாகச் சுற்றி, இரத்தத்தை ஆளிடம் சேர்ப்பார்.

பத்துக் கட்டில் உள்ள நிலையத்தில் பணிமுறையில் மூவர் இருந்தால் பத்துப் பிடிகளை யார் சுற்றுவது, எந்தக் கட்டிலிலிருந்து தொடங்குவது, பிடி இயந்திரத்தின் பின்புறம் மாட்டியிருக்கிறதா அல்லது அலமாரியில் பூட்டியிருக்கிறதா, கடைசியாக எந்த நாள் அதைச் சுற்றிப் பழகினார்கள் என்பன கேட்கத்தக்க கேள்விகள். உறவினரை அழைத்துச் சென்று வாசலில் காத்திருக்கும் நாமே அவற்றைக் கேட்கலாம். கேட்கும்போது ‘உண்டா’ என்று கேட்காமல், ‘எப்போது சுற்றினீர்கள்’ என்று கேட்டால் மறுமொழி ஒரு தேதியாகத்தான் வரவேண்டும்.